வந்து சேராத பாஸ்வேர்டு: ஒரு சிறு வரலாறு



மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் வடகரை ஜமீன், தென்காசிக் கோபுரம், குற்றாலத்துச் சித்திர சபை என்றுதான் சாதாரணமாக எழுதுவார்கள். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன் என்ற முறையில், நான் ரொம்பச் சின்ன விஷயம் ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். பார்க்கத்தான் சின்னது. மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

விஷயம் இதுதான். நம் மாணவர்களில் சில பேருக்கு, கூலி எதுவும் வாங்காமல், உலகத்துக்கே பொதுவான ஒரு சாஃப்ட்வேருக்குத் தன் உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் எல்லாம் இப்படிப் பல ஊர்த் தன்னார்வலர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. ஒருவர் புரோகிராம் எழுதுவார். ஒருவர் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வார். ஒருவர் மெனுவில் வரும் வார்த்தைகளைத் தமிழாக்குவார். சேருவதற்கு முதல் வேலை, பெயரையும் இ-மெயில் முகவரியையும் கொடுத்துப் பதிவு செய்வது. உங்கள் பாஸ்வேர்டு இ-மெயிலில் அனுப்பப்பட்டுள்ளது என்று திரையில் வரும். இ-மெயிலைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அரை மணி கழித்துப் பார்த்தாலும் இருக்காது. மறுநாளும் இருக்காது.

"அண்ணே, பதிவு பண்ணி மூணு நாளாச்சு. மெயிலே வரலை. நான் வேண்டாம்னு நினைச்சிட்டாங்களோ?" என்று கேட்கிற தம்பிகள் உண்டு. கேட்கிறவர்களாவது பரவாயில்லை. பல பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நமக்கு இங்கிலீஷ் சரியில்லை, நம்ம காலேஜ் பெயர் அவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் பதில் இல்லை என்று தங்களுக்குள் ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் அந்தப் பக்கம் இருப்பவருக்கு நீங்கள் கதவைத் தட்டியதே தெரியாது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள 60 வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள்

பாஸ்வேர்டும் இ-மெயிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஃபெர்னாண்டோ கொர்பட்டோ என்பவரின் தலைமையில், ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை ஒன்று 1961 நவம்பரில் செய்து காட்டப்பட்டது. சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். அதுவரை ஒருவர் வேலை முடிந்த பிறகுதான் அடுத்தவர் வேலை. பல பேர் ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்ததும், என் ஃபைலை நீ பார்க்கக் கூடாது என்ற பிரச்சினை வந்தது. அதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

கொடுத்த மறு வருஷமே அது உடைந்தது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய மெஷின் நேரம் போதவில்லை என்பதற்காக, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி மெஷினிடமே கேட்டு வாங்கிவிட்டார். 1966-ல் இன்னொரு கூத்து. இரண்டு ஃபைல்கள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைகிற எல்லோருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேரின் பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது.

இதற்கு நடுவில் 1965-ல் அதே சி.டி.எஸ்.எஸ்.-ல் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் என்ற இருவர் மெயில் என்ற கட்டளையை எழுதினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் ஒருவர் இன்னொருவருக்குக் கடிதம் விட்டுச் செல்லலாம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போனது 1971-ல். ரே டாம்லின்சன் என்பவர் பெயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அந்தச் சுழித்த 'அட்' குறியைப் போட்டு அனுப்பினார். இரண்டு மெஷினும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன!

"இ-மெயிலைக் கண்டுபிடித்தவர் நம்ம ராஜபாளையம் பக்கத்துக்காரர் இல்லையா?" என்று இந்த இடத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். சிவா அய்யாதுரை 1978-ல், பள்ளி மாணவராக இருந்தபோது, அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக ஈமெயில் என்ற பெயரிலேயே ஒரு புரோகிராம் எழுதினார். 1982-ல் அதற்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். அந்த வயதில் அது பெரிய காரியம்தான். ஆனால் கம்ப்யூட்டர்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்பிக்கையில் கட்டிய தபாலாபீஸ்

இன்று உலகம் முழுவதும் இ-மெயில் போகும் விதிமுறையை எழுதியவர் ஜான் போஸ்டல். வருஷம் 1982. எஸ்.எம்.டி.பி. என்று பெயர். அந்தக் கால வலையமைப்பில் இருந்தவை சில நூறு கம்ப்யூட்டர்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும். எல்லோரும் ஏறக்குறைய தெரிந்தவர்கள். ஆகவே கடிதத்தைக் கொண்டுவருகிறவரை 'நீ யார், நிஜமாகவே நீதானா' என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. நம்ம ஊர் இன்லண்ட் கவரின் பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதே கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை. வேண்டாத கடிதங்கள் வந்து குவிந்தால் தடுக்க வழியில்லையே என்று 1975-லேயே ஒரு குறிப்பு எழுதியவரும் இதே போஸ்டல்தான். ஆபத்து தெரிந்திருந்தது. ஆனால் அன்றைய தேவை, கடிதம் எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்பதாக இருந்தது.

முகவரி விஷயத்துக்கும் வருவோம். வடகரை என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு. பெரியகுளத்தில்கூட ஒரு வடகரை இருக்கிறது. வெறும் வடகரை என்று எழுதினால் கடிதம் எந்த வடகரைக்குப் போகும்? அதற்குத்தான் 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. 627 என்று தொடங்கினால் திருநெல்வேலிப் பக்கம். 627811 என்றால் தென்காசி. இணையத்தில் இந்த வேலையைச் செய்வது 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டொமைன் பெயர் முறை. இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை எந்த கம்ப்யூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற தனிக் குறிப்பு 1986-ல் சேர்ந்தது. இந்தக் குறிப்பு அழிந்தால், கம்ப்யூட்டர் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தாலும் கடிதம் வந்து சேராமல் போகலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் ஊர்ப் பக்கத்திலேயே இது நடக்கப்போகிறது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததும் ஒரு சுதந்திர தினத்தில்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பெருநகரங்களில் தொடங்கி வைத்தது. அவற்றில் நம் சென்னையும் ஒன்று.

தமிழ் ஏறிய அஞ்சல்

போஸ்டலின் விதிமுறையில் தமிழுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அது ஏழு பிட் எழுத்துகளை மட்டும் கொண்டுபோகும் என்று எழுதப்பட்டிருந்தது. இங்கிலீஷுக்கு அது தாராளம். எட்டாவது பிட்டைப் பயன்படுத்திய தமிழ் எழுத்துகளோ வழியில் சிதைந்து, போய்ச் சேரும்போது கோழி கிண்டின மாதிரி இருக்கும். 1992-ல் மைம் என்ற முறை வந்து, எந்த மொழியையும் ஏழு பிட்டுக்குள் மடித்து அனுப்ப வழி பிறந்தது.

தமிழ் கம்ப்யூட்டருக்குள் வந்த கதையே பெரும்பாலும் அஞ்சல் வழியாக நடந்த கதை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருளுக்குப் பெயரே முரசு அஞ்சல். ஆஸ்திரேலியாவில் பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாற்குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் தமிழிலேயே கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் இருந்த நிலையை மாற்ற, 1990-களின் கடைசியில் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். அதற்கான விவாதம் பெரும்பாலும் இ-மெயிலில்தான் நடந்தது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்ப, அவை இலவசமாக உலகத்துக்குக் கிடைத்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. இன்று நம் போனில் இருக்கும் தமிழ்நெட் 99 விசைப்பலகையின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

சம்பளம் வாங்காமல் செய்தவர்களின் பங்கு இதில் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். அவர்களை இணைத்துக் கட்டியது கடிதம் ஒன்றுதான். ஒரு கடிதம் வராமல் போயிருந்தால் ஒரு ஆள் குறைந்திருப்பார். இங்கிலீஷுக்கு ஓர் ஆள் குறைந்தால் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தமிழில் ஒரு சாஃப்ட்வேரின் மொழிபெயர்ப்பைப் பல சமயம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே தாங்கிப் பிடிக்கிறார்கள். அங்கே ஒருவர் வாசலிலேயே திரும்பிப் போனால், அந்த மெனு பல வருஷம் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகவே கிடக்கும்.

இப்படிப் பங்களிப்பவர்களுக்குப் பாஸ்வேர்டை இ-மெயிலில் அனுப்பும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் ஊன்றியது. மோசில்லாவுக்காக 1998-ல் எழுதப்பட்ட பக்சில்லா என்ற பிழைப்பதிவேட்டின் ஆரம்பப் பதிப்புகளில், இ-மெயில் முகவரியைக் கொடுத்தால் மெஷினே ஒரு பாஸ்வேர்டை உண்டாக்கி அனுப்பிவைக்கும். மெயில்மேன் என்ற இன்னொரு சாஃப்ட்வேரின் பழைய பதிப்புகள், மாதம் பிறந்தால் முதல் தேதியன்று உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி ஞாபகப்படுத்தும்! போஸ்ட் கார்டில் பீரோ சாவியை ஒட்டி அனுப்பின மாதிரி.

பிறகு இது மாறியது. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை, பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாதபடி அரைத்து வைக்க வேண்டும் என்று விளக்கியிருந்தது. அப்படி வைத்தால் நிர்வாகிக்கே உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. அதனால்தான் இப்போதெல்லாம் மறந்துவிட்டது என்றால் பழையதைச் சொல்லாமல், புதிதாக வைத்துக்கொள்ள ஓர் இணைப்பை அனுப்புகிறார்கள். ஏதாவது ஓர் இடம் உங்கள் பழைய பாஸ்வேர்டையே எழுதி அனுப்பினால், அங்கே அதைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் அந்த இணைப்பு வருவதும் அதே இ-மெயிலில்தான். கடிதம் வராவிட்டால் கதவு திறக்காது.

வெள்ளமும் தடையும்

சீசன் நேரத்தில் மெயினருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும். தண்ணீர் அளவோடு விழுந்தால் ஆனந்தம். மலையில் மழை கொட்டி வெள்ளம் வந்துவிட்டால் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், குழந்தையோடு வந்தவர் என்றெல்லாம் பார்க்க முடியாது. எல்லோருக்கும் தடை. இ-மெயிலுக்கு நடந்ததும் இதுதான்.

1978 மே மாதம் கேரி துர்க் என்ற விற்பனை அதிகாரி, தம் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பற்றி ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். முதல் குப்பைக் கடிதம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1994-ல் அமெரிக்காவில் கணவன் மனைவியான இரண்டு வக்கீல்கள், கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளம்தான்.

தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1997-ல் பால் விக்சி, குப்பை அனுப்பும் கம்ப்யூட்டர்களின் முகவரிகளைக் கறுப்புப் பட்டியலாக்கினார். பட்டியலில் இருக்கும் இடத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் வாங்க மாட்டார்கள். 2003-ல் இவான் ஹாரிஸ் ஒரு யுக்தி சொன்னார்: தெரியாத ஆள் கடிதம் கொண்டுவந்தால் 'இப்போ முடியாது, அப்புறம் வா' என்று திருப்பி அனுப்பு, ஒழுங்கான சர்வர் மறுபடி வரும், குப்பை அனுப்புகிறவன் வர மாட்டான். நல்ல யுக்திதான். ஆனால் மறுபடி வருவதற்குள் அரை மணியோ அதற்கு மேலோ ஆகலாம். பாஸ்வேர்டு இணைப்பின் ஆயுளோ சில இடங்களில் ஒரு மணி நேரம்தான். கடிதம் வரும்போது அது காலாவதியாகியிருக்கும்.

அடுத்து, அனுப்புநர் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடுகள். இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப இந்தந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் அனுமதி என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். முறை 2006-ல் விதிமுறையாக வெளியானது. கடிதத்தில் முத்திரை குத்தும் டி.கே.ஐ.எம். 2007-ல். இவை பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் 2012-ல். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாக்கின. யாராக இருந்தாலும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். கூகுள் கணக்குப்படி ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றுமே வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கு இதெல்லாம் பார்க்கத் தனி ஆபீஸ் உண்டு. ஒரு தன்னார்வக் குழுவின் நிலைமை என்ன? ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரி 10 மணிக்கு மேல் ஒருவர் பார்த்துக்கொள்ளும், வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர். பக்கத்து எண்ணில் இருக்கும் வேறொருவன் குப்பை அனுப்பினால், சில சமயம் அந்தத் தெரு மொத்தமும் கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும். புது சர்வருக்கு மாறும்போது எஸ்.பி.எஃப். குறிப்பைத் திருத்த மறந்தாலும் போச்சு.

கடிதம் போகவில்லை என்றால் திரும்பி வர வேண்டுமே என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் வந்தது. குப்பை அனுப்புகிறவர்கள் யார் யார் பெயரையோ அனுப்புநராகப் போட்டதால், திருப்பி அனுப்பிய கடிதங்கள் சம்பந்தமே இல்லாதவர்கள் தலையில் போய் விழுந்தன. ஆகவே பல சர்வர்கள் வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குப்பையில் போடப் பழகின. திரும்பி வருகிறவையும் நோ-ரிப்ளை என்ற முகவரிக்குப் போகும். அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அனுப்பினவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. தம்பி மூன்று நாள் காத்திருந்த கதை இதுதான்.

மத்தளம்பாறைக்காரர்களுக்கே நடந்தது

சின்னக் குழுக்களுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் திறந்த ஸோஹோ நிறுவனத்தை நம் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. இ-மெயில் சேவையும் அவர்களின் தொழில்களில் ஒன்று.

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. அவர்களின் டொமைன் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், ஸோஹோ முகவரிகளிலிருந்து மோசடிக் கடிதங்கள் வருகின்றன என்ற புகாரின் பேரில் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. வந்த புகார்கள் மொத்தமே மூன்று என்று ஸோஹோ சொன்னது. அவர்களின் வாடிக்கையாளர்களோ 3 கோடிக்கு மேல். கம்ப்யூட்டர்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பெயரிலிருந்து முகவரி கண்டுபிடிக்கும் குறிப்பு போய்விட்டதால் வாடிக்கையாளர்கள் அங்கே போய்ச் சேர முடியவில்லை. நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. இ-மெயில் கம்பெனிக்கே இ-மெயிலில் சொல்ல முடியாத நிலை! பெயர் விடுவிக்கப்பட்ட பிறகும் அந்தச் செய்தி உலகம் பூராவும் பரவக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு, மனுஷன் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசித்தான் வழி திறந்தது. இது நமக்கு முக்கியமான பாடம். மெஷின் வைத்த தடையை மெஷினிடம் முறையிட்டுத் தீர்க்க முடியாது. மறுபக்கம் இருக்கும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வேறொருவர் கைக்குப் போன கடிதம்

வராத கடிதம் நஷ்டம் என்றால், வேறொருவர் கைக்குப் போன பாஸ்வேர்டுக் கடிதம் ஆபத்து. பைத்தான் மொழியில் சிடிஎக்ஸ் என்று ஒரு சின்னத் தொகுப்பு இருந்தது. அதை எழுதியவர் தம் சொந்த டொமைன் பெயரில் இ-மெயில் வைத்திருந்தார். அந்தப் பெயரின் பதிவு காலாவதியானது. 2022 மே மாதம் வேறு ஒருவர் அந்தப் பெயரைக் காசு கொடுத்து வாங்கி, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஒரு கோரிக்கை போட்டார். இணைப்பு நேராக அவர் கைக்கே வந்தது. தொகுப்பு அவர் வசமானது; அதற்குள் தகவல் திருடும் நிரல் புகுந்தது. கொஞ்ச நாளில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள்.

நம் மாணவர்களும் பழைய மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். படிக்கும்போது கல்லூரி முகவரியில் பல இடங்களில் பதிவு செய்கிறோம். படிப்பு முடிந்த பிறகு அந்த முகவரி நம்மிடம் இருக்கும் என்பதற்கு எந்தக் கல்லூரியிலும் உத்தரவாதம் இல்லை. நாலு வருஷம் உழைத்துச் சேர்த்த பெயரும் பங்களிப்பும், இல்லாத முகவரிக்குப் போகும் ஒரு கடிதத்தில் மாட்டிக்கொள்ளும்.

அப்படியானால் இந்தக் காவல் எல்லாம் எதற்கு, எடுத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்-இசட் என்ற, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பரவலாக உள்ள ஒரு மென்பொருளில் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற என்ஜினியர் வெளிப்படுத்தினார். அதை வைத்தவர், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பங்களிப்பாளர்! அவருக்குப் பாஸ்வேர்டுக் கடிதமெல்லாம் ஒழுங்காகத்தான் வந்திருக்கும். முகவரி சரியா என்று பார்க்கும் காவலால் மனசு சரியா என்று பார்க்க முடியாது. அதற்குக் கூட இருந்து வேலை பார்க்கும் மனுஷர்கள்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு முதலில். கடிதம் வரலையென்றால் குப்பைப் பெட்டியைப் பாருங்கள். முகவரியை எழுத்துக்கூட்டிச் சரிபாருங்கள். ஒரு நாள் பொறுங்கள். மறுபடி அனுப்பு என்ற பொத்தானைப் பத்து தடவை தட்டாதீர்கள். பல இடங்களில் கடைசி இணைப்பு மட்டுமே செல்லும். அதோடு உங்கள் தட்டலே சின்ன வெள்ளமாகத் தெரியும். முடிந்தால் வேறு கம்பெனி முகவரி ஒன்றில் முயன்று பாருங்கள்.

அப்படியும் வரலையென்றால், அந்தக் குழுவில் பொறுப்பாக உள்ள ஒருவருக்கு நாலு வரி எழுதுங்கள். எந்த முகவரியில் பதிவு செய்தீர்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நேரத்தை யு.டி.சி.யில், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து எழுதுங்கள். அவர் தம் சர்வரின் பதிவேட்டில் அந்த நிமிஷத்தைத் தேடி, கடிதம் எங்கே நின்றது என்று பார்த்துவிடலாம். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இப்படிப் பேசாமல் திரும்பிப் போனார்களோ, உங்கள் நாலு வரியால் அவருக்கு அப்போதுதான் தெரியவரும். ஒருவகையில் அதுவே உங்கள் முதல் பங்களிப்பு. எந்தக் காரணம் கொண்டும் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் எழுதாதீர்கள்.

சர்வர் நடத்தும் நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வரும் கடிதங்களை வாரம் ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். பதிவு செய்யும் பக்கத்தில், கடிதம் வரவில்லை என்றால் இவரிடம் சொல்லுங்கள் என்று உயிருள்ள ஆள் ஒருவரின் முகவரியைப் போடுங்கள். இணைப்பின் ஆயுளை ஒரு மணியிலிருந்து ஒரு நாளாக்கலாமா என்று யோசியுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கடைசி வருஷ மாணவர்கள் விடைபெறும் முன், பதிவு செய்த இடங்களில் எல்லாம் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரு நாள் உட்கார்த்தி வைத்துச் செய்ய வைக்கலாம். அரை நாள் வேலை, செலவில்லை.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் பொறித்து வைத்த கல்வெட்டுப் பாட்டில் ஒரு செய்தி உண்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான் அந்த ராஜா. கட்டியவன் தான்தான் என்ற கர்வம் அதில் இல்லை. பின்னால் வந்து பழுது பார்க்கப்போகும் முகம் தெரியாத ஆளுக்கு முன்கூட்டியே வணக்கம் வைத்திருக்கிறான். சிதைந்து நின்ற கோபுரம் 1990-ல் மறுபடி எழுந்ததை நம் சீனியர்கள் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

பொதுச் சொத்தான சாஃப்ட்வேரும் அப்படித்தான் நிற்கிறது. குறை தீர்க்க வருகிறவரை வணங்காவிட்டாலும் பரவாயில்லை. அவருக்குப் போக வேண்டிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றாவது பார்ப்போம். தம்பி தங்கைகளே, கடிதம் வரலையென்று திரும்பிப் போய்விடாதீர்கள். இன்னொரு தடவை தட்டுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!

— ஒரு பழைய மாணவன், வடகரை